வெயில் நிலத்துப் புல்தரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புல்தரை போட நினைப்பவர்கள், போட்டு முடித்தவர்கள், போட்டது காய்ந்துபோய்க் கையைப் பிசைபவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய சந்தேகங்கள் முதலில், சிக்கலானவை பின்னால். ஓரிடத்தில் சொன்னதை மறுபடி சொல்லவில்லை. நடுவிலிருந்து படிப்பவர்கள் முன்பக்கத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

வெயிலுக்குன்னு தனிப் புல் இருக்கா? எல்லாம் ஒண்ணுதானே?

ஒன்றல்ல. புல்தரைக்குப் போடும் புற்களில் குளிர் விரும்பும் வகை, வெப்பம் விரும்பும் வகை என்று இரண்டு உண்டு. ரை புல், ஃபெஸ்க்யூ, கென்டகி புளூகிராஸ் போன்றவை முதல் வகை. 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை அவை செழிக்கும். அருகம்புல், சோய்சியா, செயின்ட் அகஸ்டின் போன்றவை இரண்டாம் வகை. 27 முதல் 35 டிகிரிதான் அவற்றுக்குச் சுகமான வெப்பநிலை.

காரணம் இலைக்குள் இருக்கிறது. சூடு ஏற ஏற, குளிர் வகைப் புல்லில் கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய நொதி, ஆக்சிஜனையும் சேர்த்துப் பிடித்துச் சேமித்த சக்தியை வீணாக்கும். வெப்ப வகைப் புல் கரியமில வாயுவை முதலில் செறிவாகச் சேர்த்துக்கொண்டு, அப்புறம்தான் அந்த நொதியிடம் கொடுக்கும். கரும்பும் மக்காச்சோளமும் இப்படித்தான் வளர்கின்றன. அதே அளவு வளர்ச்சிக்குத் தண்ணீரும் குறைவாகவே செலவாகும்.

விதை வாங்கும்போது உறையில் உள்ள புல் பெயரைக் கட்டாயம் படியுங்கள். ரை புல் கலந்த விதை ஒரு வாரத்தில் பச்சைப் பசேலென்று முளைத்துவிடும், பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். முதல் கடும் கோடையிலேயே போய்விடும்.

சரி, எந்தப் புல் நல்லது? ஒரே ஒரு பேர் சொல்லுங்க.

பெயர் சொல்வதற்கு முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: அந்த இடத்தில் எத்தனை மணி நேரம் நேர் வெயில் விழுகிறது, எத்தனை கால்கள் அதில் ஓடப்போகின்றன, ஊற்றப்போகும் தண்ணீர் நல்லதா உப்பா. புல்தரை கெட்டுப்போனதாக என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோரிடம் பராமரிப்பு சரியாகத்தான் இருக்கும். அந்த இடத்துக்கு ஒவ்வாத புல்லைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். எவ்வளவு உரம் போட்டாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

நாள் முழுக்க வெயில், பிள்ளைகள் விளையாடுவார்கள் என்றால் அருகு இனம். பெர்முடா என்று விற்பதும் இதுதான். தரைக்கு மேல் ஓடும் தண்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டு இரண்டுமே இதற்கு உண்டு. அதனால் மிதிபட்டுக் கிழிந்தாலும் சீக்கிரம் மூடிக்கொள்ளும். ஓரளவு நிழல், அடர்த்தியான மென்மையான தரை வேண்டும், மெதுவாக வளர்ந்தால் பரவாயில்லை என்றால் சோய்சியா. மணிலா புல், கொரியன் புல் என்று விற்பவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. நிழல் அதிகம், தண்ணீர் தாராளம், ஓடி விளையாடுபவர் குறைவு என்றால் அகல இலை கொண்ட செயின்ட் அகஸ்டின்.

மண் புளிப்பாக இருந்து, உரம் போடப் பொறுமையும் இல்லை என்றால் சென்டிபீட் புல் பொருந்தும். இதற்கு அதிகம் கவனிப்பதுதான் ஆகாது. மணற்பாங்கான பெரிய இடம், அழகைவிடப் பசுமை இருந்தால் போதும் என்றால் ஆழ வேர்விடும் பாஹியா. இதன் கதிர்த்தண்டு நெடுநெடுவென்று வளர்ந்துகொண்டே இருக்கும், வெட்டிச் சலித்துப்போவீர்கள். உப்புத் தண்ணீர்தான் கதி என்றால் சீஷோர் பாஸ்பாலம். அதைப் பற்றிப் பின்னால் தனியாக வருகிறது.

'பஃபலோ புல்'னு கேட்டேன், அவங்க குடுத்தது படத்துல பார்த்த மாதிரி இல்லையே?

ஒரே பெயரில் வேறு வேறு புற்கள் விற்கப்படுகின்றன. ஆஸ்திரேலியர்கள் பஃபலோ என்பது அகல இலை கொண்ட செயின்ட் அகஸ்டினை. அமெரிக்காவில் அதே பெயர் அங்குள்ள சமவெளியில் தானாக வளரும், மெல்லிய சாம்பல் பச்சைப் புல்லுக்கு. இன்னும் சில இடங்களில் ஆக்ஸோனோபஸ் என்ற அகல இலைப் புல்லையும் அப்படி அழைக்கிறார்கள். மூன்றின் தேவைகளும் வேறு வேறு. அமெரிக்கப் புல் வறட்சியைத் தாங்கும், நிழலில் சாகும். ஆக்ஸோனோபஸ் ஈரத்திலும் நிழலிலும் இருக்கும், வறட்சியில் முதலில் காயும். பெயரைக் கேட்டு வாங்காமல், ஒரு பிடி புல்லைக் கையில் வாங்கி இலையின் அகலத்தையும் ஓடும் தண்டையும் பாருங்கள். தாவரவியல் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அருகம்புல் தானாவே முளைக்குது. அதையே விட்டா போதாதா, காசு குடுத்து வாங்கணுமா?

வெயில் நிறைந்த இடமென்றால் தாராளமாக விடலாம். தானாக முளைத்த அருகு அந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்கெனவே பழகியது. களையை மட்டும் எடுத்துவிட்டு, வாரம் ஒரு முறை ஒரே உயரத்தில் வெட்டி வந்தால் சில மாதங்களில் அடர்ந்துவிடும். எளிய வீட்டுத் தரைக்கு இது போதும் என்பதே என் எண்ணம்.

விலைக்கு வாங்கும் கலப்பின அருகில் இலை மெலிசு, அடர்த்தி அதிகம், மிகத் தாழ்வாக வெட்டலாம். விளையாட்டுத் திடல்களில் பேர்பெற்ற டிஃப்வே 419 அப்படிப்பட்டது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1960இல் வெளியான ரகம். இதில் முளைக்கும் விதை உண்டாகாது. ஆகவே யாராவது 'டிஃப்வே விதை' என்று விற்றால் வாங்காதீர்கள். துண்டாகவோ (நட்டால் வேர்விடும் தண்டுத் துண்டு) பாயாகவோதான் (மண்ணோடு வெட்டியெடுத்த புல்) அது கிடைக்கும்.

மரத்தடியில எந்தப் புல் போட்டாலும் வழுக்கையா போகுது. நிழல்ல வளர்ற புல்லே இல்லையா?

நிழலை *விரும்பும்* புல்தரைப் புல் கிடையாது. நிழலைக் கொஞ்சம் *பொறுக்கும்* புல்தான் உண்டு. அருகுக்குக் குறைந்தது ஆறு மணி நேர நேர் வெயில் வேண்டும், ஏழெட்டு இருந்தால் நல்லது. சோய்சியா நாலைந்து மணி நேரத்தில் சமாளிக்கும். செயின்ட் அகஸ்டினுக்கு நாலு மணி நேரமாவது தேவை. அதற்கும் கீழே போனால் எந்தப் புல்லும் மெலிந்து, நீண்டு, கடைசியில் மண் தெரியும்.

கணக்கிட ஒரு எளிய வழி: காலை முதல் மாலை வரை மணிக்கு ஒரு முறை அந்த இடத்தைப் படம் எடுங்கள். எத்தனை படத்தில் தரையில் நேர் வெயில் விழுகிறது என்று எண்ணினால் போதும். கோடையில் ஒரு நாள், சூரியன் சாய்ந்து போகும் பருவத்தில் ஒரு நாள் என இரண்டு முறை செய்யுங்கள். கண்மதிப்பில் சொல்பவர்கள் பெரும்பாலும் உண்மையைவிட அதிகமாகவே சொல்கிறார்கள்.

மரத்தடியில் வெயில் குறைவதோடு, தண்ணீருக்கும் சத்துக்கும் மர வேரோடு போட்டியும் நடக்கிறது. தாழ்ந்த கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடலாம், புல்லை அரை அங்குலமாவது உயரமாக வளரவிடலாம், உரத்தைப் பாதியாகக் குறைக்கலாம். நிழலில் தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் புல் இன்னும் நோஞ்சானாகும். இவற்றுக்குப் பிறகும் வரவில்லை என்றால் அடிமரத்தைச் சுற்றி இலைச்சருகு மூடாக்கு போட்டுவிடுங்கள். அந்த இடத்தில் மறுபடி மறுபடி பாய் வாங்கிப் போடுவது பணத்தை மண்ணில் புதைப்பதுதான்.

கொரியன் புல் மெத்தை மாதிரி இருக்குன்னு போட்டோம். இப்ப மேடு மேடா எழும்பி நிக்குது. ஏன்?

அதன் இயல்பே அது. மிக மெல்லிய இலை, மிக நெருக்கமான வளர்ச்சி, வெட்டாமல் விட்டால் குமிழ் குமிழாக மேலெழும்பும். கற்களுக்கு இடையே, சின்ன அலங்காரத் திட்டாக அப்படியே விட்டால் அழகுதான். நடக்கும் தரையாக வேண்டுமென்றால் தொடக்கத்திலிருந்தே தவறாமல் வெட்டி வர வேண்டும். இப்போது மேடாகிவிட்டதென்றால், புல் வேகமாக வளரும் பருவத்தில் இரண்டு மூன்று தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஒரே நாளில் வெட்டித் தள்ளினால் அடியில் பழுப்புத் தண்டு மட்டும் மிஞ்சும். சோய்சியா மெதுவாகவே மீளும்.

விதை போடலாமா, துண்டு நடலாமா, இல்ல பாயா விரிக்கறதா?

சாதாரண அருகு, சென்டிபீட், பாஹியா மூன்றும் விதையிலிருந்து நன்றாக வரும். அருகு விதையைச் சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் தூவி, மேலாக வாரிவிட்டு, மண் காயாமல் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. அரை சென்டிமீட்டர் மண் மூடினால் அதிகம். மணிலா, செயின்ட் அகஸ்டின், கலப்பின அருகு ஆகியவற்றைத் துண்டாகவோ பாயாகவோதான் போட வேண்டும்.

துண்டு நடுவது சிக்கனம். 15 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் அருகு ஒரு பருவத்திலேயே மூடிவிடும். சோய்சியாவுக்கு இரண்டு பருவம்கூட ஆகலாம். அதுவரை இடைவெளியில் களை எடுப்பது உங்கள் வேலை. பாய்க்கு விலை அதிகம், ஆனால் அன்றே பச்சை. வெட்டி எடுத்த பாயை 24 மணி நேரத்துக்குள் விரித்துவிடுங்கள். சுருட்டிய பாய் உள்ளுக்குள் சூடேறி வெந்துபோகும். செங்கல் அடுக்குவது போல இணைப்புகள் நேர்கோட்டில் வராமல் மாற்றி மாற்றி வைத்து, உருளையால் அழுத்தி, உடனே தண்ணீர் விட வேண்டும்.

எப்ப நடணும்? மண்ணுக்கு என்ன செய்யணும்?

மண் வெப்பம் 20 டிகிரியை நிலையாகத் தாண்டிய பிறகு, வளரும் பருவத்தின் தொடக்கத்தில் நடுங்கள். குளிர் வருவதற்கு முன் வேர் பிடிக்க அதற்கு இரண்டு மூன்று மாதமாவது வேண்டும். கொட்டும் மழைக்காலம் வேண்டாம், விதையும் மண்ணும் அடித்துப் போகும்.

மண் வேலையில் அவசரப்படாதீர்கள், புல் போட்ட பிறகு அடியில் போய்ச் சரிசெய்ய முடியாது. கட்டட வேலை நடந்த இடமென்றால் சிமென்ட் கட்டி, செங்கல் துண்டு, சுண்ணாம்பு எல்லாம் மண்ணுக்குள் கிடக்கும். அவற்றைப் பொறுக்குங்கள். 15 சென்டிமீட்டர் ஆழம் கொத்தி, மக்கிய தொழுவுரம் கலந்து, வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக நூறு அடிக்கு ஒன்றிரண்டு அடி சரிவு இருக்கும்படி மட்டம் செய்யுங்கள். அப்புறம் உடனே நடாமல் இரண்டு வாரம் தண்ணீர் விட்டு வையுங்கள். மண் தணியும், புதைந்திருந்த களை எல்லாம் எட்டிப் பார்க்கும். அதை அழித்துவிட்டு நட்டால் பின்னால் வரும் பாதித் தொல்லை இல்லை. மண் பரிசோதனையும் அந்த இடைவெளியில் செய்துகொள்ளலாம்.

தினமும் தண்ணி விடறேன். இருந்தும் மதியம் ஆனா வாடுதே?

தினமும் கொஞ்சமாக விடுவதால்தான் வாடுகிறது. மேல் இரண்டு சென்டிமீட்டர் மட்டும் நனைந்தால் வேரும் அங்கேயே தங்கிவிடும். மதிய வெயிலில் முதலில் காய்வது அந்த மேல் மண்தான். வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை, மண் 15 சென்டிமீட்டர் ஆழம் நனையும்படி விடுங்கள். நனைந்ததா என்று பார்க்க நீளமான ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்துங்கள். ஈரமுள்ள ஆழம்வரை சுலபமாக இறங்கும், உலர்ந்த இடத்தில் நின்றுவிடும்.

அடுத்த தண்ணீர் எப்போது என்பதைப் புல்லே காட்டும். பச்சை மங்கி நீலச் சாம்பல் சாயல் வரும், இலை மடியும், நடந்தால் காலடித் தடம் எழும்பாமல் அப்படியே கிடக்கும். அந்த அறிகுறி பார்த்து மறுநாள் விடியற்காலையில் விடுங்கள். இரவில் விட்டால் இலை நெடுநேரம் ஈரமாகக் கிடந்து பூஞ்சைக்கு வழி திறக்கும். புதிதாக நட்டதற்கு மட்டும் இந்த விதி இல்லை: முதல் இரண்டு வாரம் தினமும் லேசாக நனைத்து, வேர் பிடிக்கப் பிடிக்க இடைவெளியை நீட்டிக்கொண்டே போக வேண்டும்.

வாரத்துக்கு எத்தனை லிட்டர்? கணக்கா சொல்லுங்க.

வளரும் பருவத்தில் மழையும் சேர்த்து வாரம் சுமார் 25 மில்லிமீட்டர் என்று தொடங்குங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 1 லிட்டர். ஆக 100 சதுர மீட்டர் தரைக்கு வாரம் 2,500 லிட்டர். வறண்ட காற்றடிக்கும் உச்சக் கோடையில் இது 35, 40 மில்லிமீட்டருக்குக்கூடப் போகும். குளிர் நாட்களில் பாதிக்கும் கீழே இறங்கும்.

ஸ்பிரிங்க்ளர் எவ்வளவு விடுகிறது என்று அளக்க, நேர்ச்சுவர் கொண்ட டப்பாக்கள் ஐந்தாறை ஆங்காங்கே வைத்து 15 நிமிடம் ஓட்டுங்கள். டப்பாவில் 6 மில்லிமீட்டர் நின்றால் 25 மில்லிமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஒரு டப்பாவில் நிறைய, இன்னொன்றில் சொட்டு என்று இருந்தால் காய்ந்த திட்டுகளுக்கு அதுவே காரணம். மணல் மண்ணில் வார அளவை இரண்டாகப் பிரித்து விடுங்கள். களிமண்ணில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் நிறுத்தி, அரை மணி கழித்து மறுபடி விடுங்கள்.

எவ்வளவு உயரத்துல வெட்டணும்?

கலப்பின அருகு 1.5 முதல் 3 சென்டிமீட்டர். சாதாரண அருகு, சோய்சியா, சென்டிபீட் 2.5 முதல் 5. செயின்ட் அகஸ்டின், பாஹியா 7.5 முதல் 10. உச்சக் கோடையிலும் நிழலிலும் மேல் அளவில் வையுங்கள். 2.5 சென்டிமீட்டருக்குக் கீழே வெட்டுவதென்றால் கத்தரி போல நறுக்கும் ரீல் இயந்திரம் வேண்டும், சுழல் கத்தி கிழித்துவிடும். வெட்டிய மறுநாள் இலை நுனி வெள்ளையாகப் பிசிறினால் கத்தி மழுங்கிவிட்டது என்று பொருள்.

ஒரு முறை வெட்டும்போது இலை உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. 3 சென்டிமீட்டரில் தரை வேண்டுமென்றால் 4.5 ஆனதும் வெட்ட வேண்டும்.

வெட்டினதும் பழுப்பா வைக்கோல் மாதிரி ஆயிடுச்சு. நோய் வந்துடுச்சா?

நோய் இல்லை. மூன்றில் ஒரு பங்கு கணக்கை மீறியதுதான். இந்தப் புற்களில் பச்சை இலை மேலே மட்டும் இருக்கும், அடியில் இருப்பது பழுப்புத் தண்டு. ஊருக்குப் போய்விட்டு வந்து வளர்ந்த புல்லை ஒரேயடியாகத் தாழ வெட்டினால் அந்தத் தண்டுதான் தெரியும். உயரத்தை ஏற்றி வைத்துத் தண்ணீர் விடுங்கள். அருகு இரண்டு மூன்று வாரத்தில் பச்சையாகும். தரை சமமில்லாமல் மேடான இடங்கள் மட்டும் இப்படிச் சிரைபட்டால், வளரும் பருவத்தில் சலித்த மணல் கலந்த மண்ணை அரை சென்டிமீட்டர் தூவிப் பள்ளங்களை நிரப்பி வாருங்கள். இலை நுனி வெளியே தெரிய வேண்டும்.

வெட்டின புல்லை வாரி எடுக்கணுமா? விட்டா அடியில நார் சேருமாமே?

அடிக்கடி வெட்டுகிறீர்கள், துணுக்கு சிறியது என்றால் அப்படியே விடுங்கள். அது சீக்கிரம் மக்கி, புல்லுக்குத் தேவையான தழைச்சத்தில் கால் பங்கு வரை திருப்பிக் கொடுக்கும். தடிதடியாகக் குவிந்தால் மட்டும் வாருங்கள்.

அடியில் சேரும் நார்ப்படலம் இலைத் துணுக்கால் வருவதில்லை. சீக்கிரம் மக்காத தண்டும் வேரும் சேர்ந்து உண்டாவது அது. உரமும் தண்ணீரும் மிஞ்சும் தரைகளில், குறிப்பாகக் கலப்பின அருகிலும் சோய்சியாவிலும் வேகமாகச் சேரும். ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பாருங்கள். ஒன்றேகால் சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லதே. அதைத் தாண்டினால் தண்ணீர் உள்ளே இறங்காது, வேர் மண்ணை விட்டு நாருக்குள்ளேயே ஓடும். புல் வேகமாக வளரும் நாட்களில் செங்குத்துக் கத்தி இயந்திரத்தால் கீறி எடுங்கள், கூடவே மண்ணில் துளையிடுங்கள். செயின்ட் அகஸ்டினுக்கும் சென்டிபீடுக்கும் மண்ணுக்குள் தண்டு கிடையாது. அவற்றை ஆழக் கீறினால் தரையே பிய்ந்து வந்துவிடும், மேலாகச் செய்யுங்கள்.

யூரியா போடலாமா? எவ்வளவு?

போடலாம், அளந்து போடுங்கள். ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்துக்கு மேல் வேண்டாம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால் அது 11 கிராம் யூரியா, 100 சதுர மீட்டருக்கு 1.1 கிலோ. உலர்ந்த இலை மேல் தூவி, உடனே நன்றாகத் தண்ணீர் விடுங்கள். ஈர இலையில் ஒட்டினால் கருகும், தண்ணீர் விடாமல் போட்டால் அமோனியாவாகக் காற்றில் போகும்.

வருடத்துக்கு எத்தனை தடவை என்பது புல்லைப் பொறுத்தது. கலப்பின அருகுக்கு மூன்று முதல் ஐந்து, சோய்சியாவுக்கும் செயின்ட் அகஸ்டினுக்கும் இரண்டு மூன்று, பாஹியாவுக்கு ஒன்றிரண்டு, சென்டிபீடுக்கு ஒன்றே ஒன்று. எல்லாம் வளரும் பருவத்தில் மட்டும். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) மண் பரிசோதனை சொன்னால் போடுங்கள், சும்மா போட வேண்டாம்.

உரம் போட்டும் மஞ்சளாவே இருக்கு. இன்னும் போடட்டுமா?

வேண்டாம். முதலில் எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். கீழே உள்ள முதிர்ந்த இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. மேலே உள்ள இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு கோடாகத் தெரிந்தால் இரும்புச் சத்து கிடைக்கவில்லை. சுண்ணாம்பு மிகுந்த காரமண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. சென்டிபீட் இதில் மிகவும் கஷ்டப்படும், அதற்கு pH (அமில, கார அளவு) 5 முதல் 6 வரையான அமில மண்தான் பிடிக்கும். மற்றவற்றுக்கு 6 முதல் 7 வரை சரி.

உடனடி நிவாரணத்துக்கு அன்னபேதியை, அதாவது இரும்பு சல்ஃபேட்டை, லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் கரைத்து மாலை நேரத்தில் இலையில் தெளியுங்கள். சிமென்ட் தரையில் பட்டால் துருக்கறை போகாது, கவனம். தண்ணீர் தேங்கும் இடத்திலும் வேர் மூச்சுத் திணறி இதே மஞ்சள் வரும், அங்கே வடிகால்தான் மருந்து.

கோரையைப் பிடுங்கப் பிடுங்க இன்னும் நிறைய வருது. என்னதான் செய்றது?

முக்கோணத் தண்டோடு, பளபளப்பாக, மற்றப் புல்லைவிட வேகமாக எழும்பி நிற்பது கோரை. மண்ணுக்குள் கிழங்குகள் சங்கிலி போலத் தொடர்ந்திருக்கும். மேலே பிடுங்கினால் தண்டு அறுந்து வரும், உறங்கிக்கிடந்த பக்கத்துக் கிழங்குகள் விழித்து முளைக்கும். புதிதாக நாலைந்து செடி வந்திருந்தால் மண்ணோடு ஆழத் தோண்டிக் கிழங்கை எடுத்துவிடுங்கள். பரவிவிட்டதென்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை விடாமல் எடுத்து வந்தால்தான் கிழங்கின் சேமிப்பு தீரும். ஒரு மாதம் விட்டாலும் மறுபடி புதுக்கிழங்கு வைத்துவிடும்.

மருந்தென்றால் ஹாலோசல்ஃபியூரான் கோரையைக் கொல்லும், மேலே சொன்ன வெப்பப் புற்களில் பெரும்பாலானவற்றை விட்டுவிடும். கோரை நன்றாக வளரும்போது, ஐந்தாறு இலை வந்த பிறகு, உறையில் சொன்ன அளவில் அடியுங்கள். சில வாரம் கழித்து மறுபடி தேவைப்படும். கிளைஃபோசேட் புல்லையும் சேர்த்துக் கொல்லும். அகல இலைக் களைக்கு அடிக்கும் 2,4-டி அருகுக்கு ஒத்துக்கொள்ளும், செயின்ட் அகஸ்டினையும் சென்டிபீடையும் பாதிக்கும். கடும் வெயில் நாளில் எந்தக் களைக்கொல்லியும் வேண்டாம். ஈரம் தேங்கும் இடத்தில் கோரை கொண்டாட்டமாக வளரும், அதனால் தண்ணீர்க் கணக்கையும் திரும்பப் பாருங்கள்.

திட்டுத் திட்டா காயுது. பூச்சியா, நோயா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் மண்டியிட்டு உட்கார்ந்து பாருங்கள். முதலில் ஸ்க்ரூடிரைவர் சோதனை. இறங்கவில்லை என்றால் வறட்சி, அல்லது அடியில் கல். அடுத்து காய்ந்த புல்லைப் பிடித்து இழுங்கள். வேரே இல்லாமல் சுருட்டிக்கொண்டு வந்தால் வெள்ளைப் புழு வேரைத் தின்றிருக்கிறது. மண்ணைக் கிளறிச் சதுர அடிக்கு ஐந்தாறு புழுவுக்கு மேல் இருந்தால் மருந்து தேவை. ஒன்றிரண்டு இருப்பது இயல்பு.

ஒரே இரவில் இலை காணாமல் போய், பறவைகள் கூட்டமாக இறங்கினால் படைப்புழு. மண்ணுக்கடியில் வளை தோண்டித் தரையை உப்பச் செய்தால் பிள்ளைப்பூச்சி. இரண்டுக்கும் ஒரே சோதனை: பாத்திரம் கழுவும் சோப்பு நீர்மம் 30 மில்லியை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றுங்கள், சில நிமிடத்தில் மேலே வரும். செயின்ட் அகஸ்டினில், சிமென்ட் ஓரத்துச் சூடான இடத்தில் மஞ்சள் கரையோடு காய்ந்து பரவினால் சாறு உறிஞ்சும் சின்ச் பூச்சியைச் சந்தேகப்படுங்கள். ஃப்ளோராடாம் என்ற செயின்ட் அகஸ்டின் ரகம் இதற்கு எதிர்ப்போடு 1973இல் வெளியானது. பிறகு அந்த எதிர்ப்பையும் மீறும் பூச்சிகள் வந்துவிட்டன.

வட்டமாகக் காய்ந்து, இலையை இழுத்தால் அடியில் அழுகிக் கழன்று வந்தால் பூஞ்சை. ஈரமும் மிதமான குளிரும் சேரும்போது சோய்சியாவிலும் செயின்ட் அகஸ்டினிலும் இது வரும். அப்போது தழைச்சத்தை நிறுத்தித் தண்ணீரைக் குறையுங்கள். நாணய அளவில் சின்னச் சின்னப் புள்ளியாக வெளுத்தால் நேர்மாறு, தழைச்சத்துப் பற்றாக்குறையோடு வரும் நோய் அது.

எங்க போர் தண்ணி உப்பு. புல்தரையே வைக்க முடியாதா?

வைக்கலாம். சீஷோர் பாஸ்பாலம் கடலோரத்தில் தானாக வளரும் புல், உப்பைத் தாங்குவதில் இதுதான் முதல். அடுத்து அருகு, மணிலா, செயின்ட் அகஸ்டின். மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 6.9 டெசிசீமன்ஸ் வரை அருகின் வளர்ச்சி குறைவதில்லை. சென்டிபீடும் பாஹியாவும் உப்பில் நிற்காது.

உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது மிக மோசம், தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மேலே தங்கும். விடும்போது நிறைய விட்டு, உப்பை வேருக்குக் கீழே இறக்குங்கள். நல்ல மழை அதை இலவசமாகச் செய்துவிடும். சோடியம் சேர்ந்து மண் இறுகியிருந்தால் பரிசோதனை முடிவின்படி ஜிப்சம் போட்டுத் தண்ணீர் விடுங்கள். வடிகால் இல்லாத களிமண்ணில் இது எதுவும் பலிக்காது.

நாய் மூத்திரம் போன இடமெல்லாம் கருகுது. சுண்ணாம்பு போட்டா சரியாகுமா?

ஆகாது. கருக்குவது புளிப்பில்லை, ஒரே இடத்தில் குவியும் தழைச்சத்தும் உப்பும். சுற்றிலும் கரும்பச்சை வளையம் தெரிவதே அதற்குச் சாட்சி. பட்ட உடனே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிடுங்கள். அருகு தானே மூடிக்கொள்ளும். செயின்ட் அகஸ்டினில் துண்டு வைத்து ஒட்டுப்போட வேண்டியிருக்கும்.

ஒரு மாசம் தண்ணி விட ஆள் இல்ல. செத்துடுமா?

நன்கு வேரூன்றிய அருகு சாகாது. மேலே வைக்கோலாகக் காய்ந்து, மண்ணுக்குள் ஓடும் தண்டில் உயிரை வைத்துக்கொண்டு உறங்கும். சோய்சியாவும் பாஹியாவும் ஓரளவு அப்படியே. செயின்ட் அகஸ்டினுக்கு அந்தச் சேமிப்பு இல்லை, அது காய்ந்தால் காய்ந்ததுதான். யாரையாவது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 12 மில்லிமீட்டர் அளவு விடச் சொல்ல முடிந்தால் எல்லாமே பெரும்பாலும் பிழைக்கும். கிளம்புவதற்கு முன் உரம் போடாதீர்கள், தாழ வெட்டாதீர்கள். உறங்கும் புல்லை மிதிக்கவும் விடாதீர்கள், உடைந்த தண்டு அப்போது வளராது. குளிர்காலப் பழுப்பும் இதே உறக்கம்தான். மண் வெப்பம் 10 முதல் 13 டிகிரிக்குக் கீழே போனால் வரும், சூடு திரும்பினால் போகும்.

பேசாம செயற்கைப் புல் போட்டுடலாமா?

நிழலான சின்ன இடத்துக்குச் சரி. நேர் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிச் சுடும், வெறுங்காலோடு பிள்ளைகள் நிற்க முடியாது. உயிருள்ள புல் தண்ணீரை ஆவியாக விட்டுத் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். வெப்பமான இடத்தில் புல்தரை வைப்பதன் பெரிய பயனே அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு பக்கம் நல்ல வெயில், மறுபக்கம் நிழல். ரெண்டு புல் போடலாமா?

போடலாம், கலக்காமல். வெயில் பக்கம் அருகு, நிழல் பக்கம் மணிலா அல்லது செயின்ட் அகஸ்டின் என்று பிரித்துப் போடுங்கள். நிறம், வெட்டும் உயரம், உர அளவு எல்லாம் வேறு என்பதால் கலந்தால் திட்டுத் திட்டாகத்தான் தெரியும். அருகு மற்றதற்குள் புகுந்துவிட்டால் அதை மட்டும் எடுக்க வழி கிட்டத்தட்ட இல்லை. இரண்டுமே வெப்பப் புற்கள், ஒன்றைக் கொல்லும் மருந்து பெரும்பாலும் மற்றதையும் வாட்டும்.

ஆகவே நடும்போதே நடுவில் தடுப்பு வையுங்கள். கல்லோ உலோகப் பட்டையோ 15 சென்டிமீட்டர் ஆழம் இறங்கி, மேலே இரண்டு சென்டிமீட்டர் தெரிய வேண்டும். நடைபாதை ஒன்று குறுக்கே போனால் இன்னும் நல்லது. தடுப்பு இருந்தாலும் தண்டு மேலே தாவும், அதனால் வளரும் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஓரத்தை மண்வெட்டியால் நேராகக் கழித்துவிடுங்கள். கழித்த துண்டுகளை அங்கேயே போடாதீர்கள், ஒரு கணு ஈரத்தில் கிடந்தாலும் வேர் விட்டுவிடும்.